ஆளிநாரும் அழுகற் குளமும்

தென்னை மட்டையை ஊறவைத்தாலன்றித் தும்பு பிரியாது. லினன் துணிக்கு நார்தரும் ஆளிச் செடிக்கும் இவ்விதியே பொருந்தும். நாரைத் தண்டோடு பிணைக்கும் பெற்றின் என்னும் பசை சிதைந்தாலே நார் கைக்கு வரும்.

வட அயர்லாந்து உழவர் செடியை வேரோடு பிடுங்கி, கட்டுக்கட்டாகக் குளத்தில் அமிழ்த்தி, மேலே கல்லேற்றி, ஒரு வாரத்துக்கு மேலாக ஊறவைத்தனர். பின்னர் இடுப்பளவு நீரில் நின்று, நாற்றத்தைச் சகித்து அவற்றை வெளியே எடுத்தனர். அக்கழிவுநீர் ஆற்றிற் கலந்தபோது மீன்கள் மாண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்பயிர் அங்கு அருகிற்று.

1970 இல் களைகொல்லித் திறன் கண்டறியப்பட்ட கிளைபோசேற், 1980 களில் அங்கு ஆளிப் பயிரிற் சோதிக்கப்பட்டது. பூக்கும் பருவத்தையொட்டித் தெளித்தால் செடி நின்றபடியே உலரும். ஈரக் காற்றில் வளரும் பங்கசுக்கள் பசையைச் சிதைத்து நாரை விடுவிக்கும். குளமும் வேண்டா, கல்லும் வேண்டா. ஆனால், விதை முற்றுமுன் செடி மடிவதால் விதை வருவாய் இல்லை. மழை பொய்த்தாலோ நார் சீராகப் பிரிவதில்லை.

2023 இல் ஐரோப்பிய ஒன்றியம், அறுவடைக் காலத்தை முறைப்படுத்தும் பொருட்டு இம்மருந்தாற் பயிரை உலர்த்துவதைத் தடைசெய்தது. பிரான்சின் நோர்மண்டியில் இன்றும் பிடுங்கிய ஆளி வயலிலேயே கிடந்து, பனியிலும் மழையிலும் பதமாகின்றது. உழவன் குளத்தை விட்டு நீங்கினான். வானத்தின் தயவை விட்டு நீங்க அவனால் இயலவில்லை.