கொம்பு தப்பிய சிலமலை

பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடலாம்னு எங்க சிலமலைப் பக்கம் யார்கிட்ட சொன்னாலும், "டிசைன் வேலை ஓடுமா?"ன்னுதான் கேப்பாங்க. ஓடும் மக்களே. ஆனா அதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

2000-களில் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர்தான். யுனிகோட் அதுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. யுனிகோடில் 'சிலமலை'ன்னு சேமிச்சா 'ல' முதல்ல, ஐகாரக் கொம்பு அதுக்கப்புறம். திரையில கொம்பை முன்னாடி கொண்டாந்து வைக்கிறது மென்பொருளோட வேலை. அது தெரியாத மென்பொருள்ல கொம்பு பின்னாடியே நிக்கும். 'போடி' கதை இன்னும் மோசம், கொம்பும் காலும் 'ப'வை அம்போன்னு விட்டுட்டு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கும் :-) அதனால கடைக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம்.

லினக்ஸ்ல இந்த வேலையை பாங்கோ நூலகம் பொதுவா ஏத்துக்கிச்சு. 2003-ல் பிறந்த இங்க்ஸ்கேப்பும், 2004-ல் வந்த கிம்ப் 2.0-வும் அதைத்தான் நம்பின. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் மட்டும் ரொம்ப லேட்டு, 2017-ல் 1.5.3 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு.

சி.உமாசங்கர் நிர்வாக இயக்குநரா இருந்தப்ப, 2007 வாக்கில் எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. அச்சுக் கடைகள் மாறலை. சோம்பல்னு நான் சொல்லமாட்டேன். பல வருஷ உழைப்பு பேஜ்மேக்கர் கோப்புக்குள்ள பூட்டிக் கிடந்துச்சு.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிஞ்சுது. பல பழைய பெட்டிகள்ல 11 ஏறாது. லினக்ஸ் போடுறவங்க, விண்டோஸை அழிக்கிறதுக்கு முன்னாடி பழைய கோப்பை எல்லாம் பிடிஎஃப் ஆக்கி, எழுத்தை யுனிகோடுக்கு மாத்தி வச்சுக்குங்க.