எழுதப்பட்ட கல்லின் முதல் எழுத்து

ஐரோப்பாவின் தொன்மையான களிப்பாறைகளைத் தகடு தகடாகப் பிளக்கும்போது, கறுத்த பரப்பின்மீது பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கோடுகள் சில வேளைகளில் தென்படும். கூர்ந்து நோக்கினால் அவற்றின் ஓரம் ரம்பத்தின் பற்களைப் போலிருக்கும். சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ், 1735இல் வெளியிட்ட தமது வகைப்பாட்டு நூலில் இத்தகைய உருக்களுக்குக் 'கிராப்டோலித்தஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'எழுதப்பட்ட கல்' என்பது அதன் பொருள். ஆயினும் அவை ஓர் உயிரின் எச்சமென அவர் கருதவில்லை. உயிர்போலத் தோன்றும் வெறும் கற்கோலங்கள் என்றே எண்ணினார். எழுத்தென்று பெயர் சூட்டியவரே அதில் வாசிக்க ஏதுமில்லை என்று முடிவு கட்டியது வரலாற்றின் சிறு முரண்.

பின்வந்தோர் அவை கடலில் வாழ்ந்த கூட்டுயிரிகளின் எச்சங்கள் எனக் கண்டனர். தெற்கு ஸ்காட்லாந்தில் பள்ளி ஆசிரியராயிருந்த சார்லஸ் லாப்வொர்த், மாஃபட் அருகிலுள்ள டாப்ஸ் லின் என்னும் ஓடைப் பள்ளத்தாக்கில் பாறையடுக்குகளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். அடுக்குக்கு அடுக்கு கிராப்டோலைட் இனங்கள் மாறுவதை 1878இல் நிறுவினார். அடுத்த ஆண்டே, செட்ஜ்விக், மர்ச்சிசன் ஆகியோர் தத்தம் காலப்பிரிவுக்கு உரிமை கோரிய பாறைகளைத் தனியே பிரித்து 'ஆர்டோவிசியன்' என்ற புதிய காலத்தை முன்மொழிந்தார். இவ்வாறு அந்தக் கல்நூலின் பக்க எண்கள் நமக்குக் கிடைத்தன. ஆனால் எழுதிய உயிர் எது என்பது புலப்படவில்லை. ஹைட்ராவின் இனமென்றனர் சிலர். பாசிவிலங்குகளின் இனமென்றனர் வேறு சிலர்.

காரணம் எளியது. களிப்பாறையின் பாரத்தில் அவை நசுங்கித் தட்டையாகிவிட்டன. முழுதாய் வளர்ந்த கூட்டத்தின் நிழல் மட்டுமே எஞ்சியிருந்தது. விடையோ அதன் தொடக்கத்தில், ஓரிரு மில்லிமீட்டர் அளவேயுள்ள முதற்கூட்டில் ஒளிந்திருந்தது. அதற்குச் 'சிக்குலா' என்று பெயர், லத்தீனில் குறுவாள். 1890களில் சுவீடனைச் சேர்ந்த கார்ல் விமானும் கெர்ஹார்ட் ஹோல்மும் பாறையை அமிலத்தில் கரைத்து, நசுங்காத கிராப்டோலைட்டுகளை விடுவித்து ஆராய்ந்தபோது, ஒரு கூட்டத்தின் பிள்ளைப்பருவம் முதன்முறையாகத் தெளிவாகத் தெரியலாயிற்று.

அது நடந்த விதம் இதுதான். ஒரேயொரு இளவுயிரி தன்னைச் சுற்றிக் கூம்பு போன்ற நுண்கூட்டை அமைக்கிறது. பின்னர் அதன் வாய்ப்புறத்தில் பட்டைமேல் பட்டையாகச் சேர்த்து அதை நீட்டிக்கொண்டே போகிறது. கூம்பின் முனையிலிருந்து ஓர் இழை நீள்கிறது. பக்கச் சுவரிலுள்ள ஒரு துளை வழியே முதல் மொட்டு வெளிவந்து தனக்கென ஒரு கிண்ணம் கட்டுகிறது. அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து இன்னொன்று. கூட்டம் முழுவதும் அந்த ஒற்றை உயிரிலிருந்து கிளைத்ததே. முதற்சில மொட்டுகள் வளரும் திசையே கூட்டம் தொங்குமா, விரியுமா, நிமிருமா என்பதைப் பெருமளவில் தீர்மானித்துவிடுகிறது.

இந்தத் தொடக்கத்தை ஆழ்ந்து வாசித்தவர் போலந்து நாட்டின் ரோமன் கோஸ்லோவ்ஸ்கி. விசோச்கி என்னுமிடத்தில் கிடைத்த கடினமான சிலிக்காப் பாறைகளை அவர் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கரைத்தார். கண்ணாடியையே அரிக்கும் அவ்வமிலம் கல்லைத் தின்று, உயிர் நெய்த மெல்லிய சுவரைத் தொடாமல் விட்டது. அச்சுவரில் அவர் கண்டவை அரைவளையங்கள். இருபுறமும் மாறி மாறி வந்து, வளைந்து நெளியும் கோடொன்றில் இணைபவை. உள்ளே, மொட்டுகளைத் தொடுத்துச் செல்லும் ஒரு தண்டு. இவ்விரண்டும் இன்றைய கடலில் வாழும் ராப்டோப்ளூரா என்ற சின்னஞ்சிறு உயிரியின் குழாய்களிலும் உண்டு. ஆகவே கிராப்டோலைட்டுகள் முதுகெலும்பிகளுக்குத் தூரத்து உறவான அரைமுதுகுநாணிகளைச் சேர்ந்தவை என்றார். 1938இல் இதைச் சுருக்கமாக அறிவித்தார். மறு ஆண்டு போர் மூண்டது. 1944இல் வார்சாவின் பெரும்பகுதி தகர்க்கப்பட்டது. அந்த இடிபாடுகளுக்குப் பின்னர், 1949இல்தான் அவரது முழு ஆய்வுநூல் வெளிவந்தது.

அவர் முடிவை ஐயுற்றவர்களும் இருந்தனர். ஆனால் 2013இல் மிட்செலும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட உறவுமுறை ஆய்வு ஒருபடி மேலே சென்றது: ராப்டோப்ளூரா கிராப்டோலைட்டின் உறவினர் மட்டுமன்று, கிராப்டோலைட்டேதான். முற்றாக அழிந்ததென நாம் எண்ணிய குலத்தின் ஒரு கிளை இன்றும் கடலடியில் அரைவளையம் அரைவளையமாகக் குழாய் கட்டிக்கொண்டிருக்கிறது.

முற்றுப்பெற்ற உருவைக் கொண்டே எதையும் அளப்பது நம் வழக்கம். இந்தக் கல்லெழுத்தோ, அதன் முதல் எழுத்தை ஒருவர் பொறுமையுடன் கூட்டிப் படிக்கும்வரை இருநூறு ஆண்டுகள் காத்திருந்தது.