கோடு கிழிக்கும் கை யாருடைய கை?



"உள்ளாட்சி வார்டுகளுக்கு எல்லை வகுக்கத் தகுந்தவர்கள் அதிகாரிகளா, ஊர்மக்களா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் கேட்டார்: "யார் நிக்கிறாங்க, யார் ஜெயிக்கிறாங்கன்னு பேசுங்க. கோடு எங்கே போகுதுங்கிறதுல என்னங்க இருக்கு?" அம்மா, அதுல தாம்மா எல்லாம் இருக்கு.

ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். ஒரு ஊர்ல 900 ஓட்டு, மூணு வார்டுன்னு வச்சுக்குங்க. அதில் 300 ஓட்டு ஒரே காலனியில் இருக்கு. காலனியை ஒரு வார்டாகப் போட்டால் அவங்க ஆள் ஒருத்தர் பஞ்சாயத்தில் உட்காருவார். அதே காலனியை நூறு, நூறு, நூறாக வெட்டி மூணு வார்டிலும் ஒட்டினால்? ஒவ்வொரு வார்டிலும் நூறுக்கு எதிரே இருநூறு. ஒருத்தர்கூட உட்கார முடியாது. ஒரு கள்ள ஓட்டு விழல, ஒரு பெட்டி மாறல. பென்சில் மட்டும்தான் நகர்ந்தது.

நான் பிறந்தது நாமக்கல் பக்கம். ஊர் பேர் வேண்டாம், சொன்னா அடுத்த தடவை பஸ்ஸை விட்டு இறங்க விடமாட்டாங்க. (சிரிப்பு) அங்கே என்கூடப் படிச்சவன் ஒருத்தன் மெம்பருக்கு நின்றான். காலனி முழுக்க அவன் பக்கம். தோத்துட்டான். அவன் நின்ற வார்டில் காலனியின் ஒரு தெருதான் இருந்தது, மற்ற தெருவெல்லாம் வேற வார்டு. ராத்திரி டீக்கடையில் உட்கார்ந்து சொன்னான்: "எங்க அக்கா எனக்கு ஓட்டுப் போடணும்னே விடியக்காலையில வரிசையில நின்னுச்சுடா. அதுங்கிட்ட இருந்த சீட்டுல என் பேரே இல்ல." அதற்கு மேல் அவன் பேசல. எனக்கும் பேச ஒன்னுமில்ல.

எங்கள் சேலம், நாமக்கல் மண்ணுக்குக் கோடு புதுசு இல்லை ஐயா. 1792இல் திப்புவிடமிருந்து இந்தச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார், தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். வயல் வயலாகச் சங்கிலி போட்டு அளந்தார்கள். ரயத்துவாரிக்கு வித்து விழுந்தது இங்கேதான். காகிதத்தில் விழுகிற கோடு அடுப்பு வரைக்கும் வரும் என்று எங்கள் பாட்டன்மார் அப்போதே தெரிந்துகொண்டார்கள். 1965இல் தருமபுரி பிரிந்து போச்சு. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டம். 2009 நாடாளுமன்றத் தேர்தலுக்குள் ராசிபுரம் தொகுதியும் திருச்செங்கோடு தொகுதியும் வரைபடத்திலிருந்தே காணாமல் போய், நாமக்கல் தொகுதி வந்தது. ராசிபுரம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி, நாமக்கல் பொதுத்தொகுதி. அது சரியா தவறா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரலை, அது நடுவர் வேலை. ஒரு கோடு எத்தனை பேருடைய வாழ்வைத் தொடுதுன்னு பாருங்க.

உள்ளாட்சிக்கு வருவோம். சேலம் நகராட்சி 1866இல் வந்தது. 1917இலிருந்து 1919 வரை அதன் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ராஜாஜி. அன்றைக்கு வரி கட்டியவருக்குத்தான் ஓட்டு. எல்லாருக்கும் ஓட்டு என்று வந்த பிறகுதான் கோட்டுக்கு இவ்வளவு கிராக்கி வந்தது. ஓட்டைத் தடுக்க முடியாதபோது, ஓட்டைப் பிரிக்கலாமே!

2016இல் என்ன நடந்தது? பழங்குடி மக்களுக்கான இடஒதுக்கீடு சரியில்லை என்பது உள்பட பல குறைகளைச் சொல்லி வழக்குப் போனது. அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. கொல்லிமலையும் ஏற்காடும் இருக்கிற எங்கள் பக்கத்து ஆளுக்கு இது வெறும் சட்டப் புள்ளி இல்லை. வார்டு எப்படி விழுதோ அப்படித்தான் ஒதுக்கீடும் விழும். அந்த அக்டோபரிலேயே பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். 2017இல் சட்டம் போட்டு மறுவரையறை ஆணையம் அமைத்தார்கள். மாநிலத் தேர்தல் ஆணையர் தலைவர், கூட இருந்தவர்கள் அரசு அதிகாரிகள். வரைவு வெளியிட்டார்கள், ஆட்சேபம் கேட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேணும். பிறகும் வழக்கு. மாவட்டங்களைப் புதிதாகப் பிரித்ததால் ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் நடத்துங்கள் என்று 2019 டிசம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாதம் 27, 30 தேதிகளில் எங்கள் கிராமங்களில் ஓட்டுப்பதிவு நடந்தது. நகரங்களுக்கு? 2022 பிப்ரவரி 19. சேலம் மாநகராட்சியில் 60 வார்டு. அஞ்சு வருஷத்துக்கு மேலே அந்த அறுபதில் ஒரு கவுன்சிலர் கிடையாது. சாக்கடை அடைச்சா யாரைக் கேட்பது? எங்க வீட்டுக்காரம்மா என்னைக் கேட்டாங்க. (சிரிப்பு)

"அதிகாரி மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று எதிரணி கேட்கும். இருக்கு. ஆனால் அவருடைய மாற்றல் உத்தரவு யார் கையில் இருக்கு? கையெழுத்துப் போடுகிறவர் நேர்மையானவராக இருந்தாலும், "அந்தத் தெருவை இந்தப் பக்கம் தள்ளுங்க சார்" என்று போன் வரும் இடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, நேர்மையை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா?

நான் தமிழ் வாத்தியார், வள்ளுவரைச் சொல்லாமல் உட்கார்ந்தால் சம்பளத்தைப் பிடிச்சுடுவாங்க. நடுவு நிலைமைக்கு அவர் ஒரு அதிகாரமே வைத்தார், 12ஆம் அதிகாரம். அது மனிதனின் குணத்தைப் பேசுகிறது. ஆனால் காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர்க்காரர்கள் குணத்தை மட்டும் நம்பவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் விதியாகக் கல்லில் வெட்டினார்கள். ஊர் முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. குடும்புக்குக் குடும்பு ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போடணும். குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டணும். விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு ஓலை எடுக்கணும். ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கணும். ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளிக்கக்கூடாது!

அதைவிட முக்கியம், யார் பேர் குடத்துக்குள் போகக்கூடாது என்ற பட்டியல். மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவன் கூடாது. முன்பு இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன், மாமனார், மச்சினன், மருமகன், அப்பன், மகன், ஒருத்தனும் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மச்சினனைப் பற்றி நம்ம ஊருக்கு எவ்வளவு தெளிவு பாருங்க! (கைதட்டல்)

அவசரப்பட்டுக் கைதட்டாதீங்க. அந்தக் குடத்தில் யார் பேர் போச்சு? சொந்த நிலமும் மனையும் வேதப்படிப்பும் உள்ள பிராமண ஆண்கள் பேர். உழுதவன் பேர் போகலை, பெண்கள் பேர் போகலை. அவர்கள் தேர்ந்தெடுத்ததும் ஏரியையும் தோட்டத்தையும் பார்க்கும் வாரியத்தை, எல்லை போடும் குழுவை அல்ல. பெருமையைச் சொல்கிறவன் இதையும் சொல்லணும். நான் எடுத்துக்கொள்வது அந்த விலக்கும் விதியையும் குலுக்கலையும்தான். குடத்தின் வாயை மட்டும் எல்லாருக்கும் திறந்துவிடுங்க என்கிறேன்.

நடக்குமா என்றால், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நடந்தது. 2008இல் மக்கள் ஓட்டுப் போட்டு, தொகுதிக் கோடு போடும் வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கிப் பதினாலு குடிமக்களிடம் கொடுத்தார்கள். இரண்டு பெரிய கட்சியிலிருந்தும் ஐந்தைந்து பேர், இரண்டிலும் சேராதவர் நாலு பேர். முதல் எட்டுப் பேர் குலுக்கலில். பத்து வருஷத்துக்குள் வேட்பாளராக நின்றவர், கட்சிப் பொறுப்பில் இருந்தவர், பெருந்தொகை நன்கொடை தந்தவர் வரக்கூடாது. அவர்கள் நெருங்கிய குடும்பத்தாரும் வரக்கூடாது. கோடு போட்டவர் அடுத்த பத்து வருஷம் தேர்தல் பதவிக்கே வரக்கூடாது. கூட்டமெல்லாம் பொதுமக்கள் முன்னால்.

எதிரணி நண்பர் சிரிக்கிறார், ஏன் என்று தெரியும். 2025 நவம்பரில் அதே கலிபோர்னியா மக்கள், அந்தக் குழு போட்ட நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைத்து, ஆளும் தரப்பு போட்டதை ஏற்றார்கள். டெக்சாஸில் எதிர்க்கட்சி இழுத்த கோட்டுக்குப் பதில் கோடாம். அடுத்த வீட்டுக்காரன் வேலியை நகர்த்தினால் நம்ம கையும் அரிக்கும், மனுஷன் தானே! ஆனால் அங்கேயும் குழுவை ஒழிக்கலை, கெடு வைத்துத்தான் ஒதுக்கினார்கள். அதையும் மக்களிடம் ஓட்டுக் கேட்டுத்தான் செய்ய முடிந்தது. நம்ம ஊரில் பென்சிலை நகர்த்த யாரிடம் கேட்கணும்?

"ஊர்க்காரன் கையில் கொடுத்தால் சாதிச் சண்டை வரும்" என்றார் அம்மையார். இப்போது மட்டும் சாதி பார்க்காமலா கோடு விழுகிறது? மூடிய அறையில் பார்ப்பதால் சண்டை தெரியலை, அவ்வளவுதான். ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ராஜவாய்க்கால் பாசனத்தில் எந்த மடைக்கு எப்போ தண்ணி என்று விவசாயி பேசாமலா இருக்கிறான்? சத்தம் போடுவான், துண்டை உதறுவான், கடைசியில் முறை வைத்துக்கொள்வான். நான் கேட்பது இதுதான்: வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல், அதில் காலனிக்கும் மலைக்கும் பெண்களுக்கும் கட்டாயப் பங்கு. பதவியில் இருப்பவரும் அவர் மச்சினனும் வெளியே. ஒரே தெருவை வெட்டினால் ஏன் வெட்டினோம் என்று எழுத்தில் காரணம். வரைபடம் கிராமசபையில்...

மணி அடிச்சுட்டீங்க. ஒரே நிமிஷம் ஐயா. வரைபடம் கிராமசபையில் சுவரில் ஒட்டணும், பெரிசா, எங்க படிச்சவனோட அக்கா தன் தெருவை விரலை வச்சுக் கண்டுபிடிக்கிற அளவுக்கு. அவங்க இன்னும் அதே வீட்டில்தான் இருக்காங்க. போன மாசம் பார்த்தேன், "இந்தத் தடவை எனக்கு எந்த வார்டுங்க?" என்று கேட்டாங்க.