தரையில பதிச்ச கல்லுக்குச் சக்கரம் வந்த கதை

மலருக்கு ஒவ்வொரு குழுவில் இருந்தும் ஒரு கட்டுரை வேணும்னு சொன்னதும், எங்க குழுவில் எல்லாரும் என்னைக் கை காட்டிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. தீர்மான நோட்டு எழுதுறதால இதையும் எழுதுன்னு சொல்லிட்டாங்க. எங்க குழு வாங்கின பழைய கிரைண்டரைப் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுதினா ஒரு பக்கத்துல முடிஞ்சிடும். அந்தக் கிரைண்டருக்கு முன்னாடி என்ன இருந்தது, அது எப்படி நம்ம வீட்டுக்கு வந்ததுன்னு பெரியவங்ககிட்ட கேட்டும் படிச்சும் தெரிஞ்சுகிட்டதையும் சேர்த்து எழுதுறேன்.

நம்ம திருவள்ளூர் மாவட்டம் கல்லுக்குப் பேர் போனது. பூண்டி ஏரிக்குப் பக்கத்துல அத்திரம்பாக்கத்தில் 1863-ல ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் ஆதிமனிதரோட கல் ஆயுதங்களைக் கண்டெடுத்தார். பூண்டியில் அருங்காட்சியகமே இருக்கு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம். அதெல்லாம் கையில எடுத்துட்டுப் போற கல். வெட்டவும் சுரண்டவும் வெச்சிருந்தாங்க. அரைக்கிற கல் அப்படி இல்ல. மனுஷன் ஒரு இடத்துல தங்கி, விதைச்சு அறுத்து, வீடு கட்டின பிறகு அந்தக் கல்லும் வீட்டோட தங்கிடுச்சு.

எங்க அத்தை வீட்டுல, அதாவது நான் வாழ வந்த வீட்டுல, பின்பக்கத் தாழ்வாரத்தில் ஆட்டுக்கல் பாதி தரைக்குள்ள இருக்கும். ஏன் புதைச்சாங்கன்னு அத்தையைக் கேட்டேன். குழவியைச் சுத்தச் சுத்த கல் ஆடக் கூடாது, அதுவும் இல்லாம உட்கார்ந்து ஆட்டுறவங்களுக்கு உயரம் சரியா இருக்கணும்னு சொன்னாங்க. ஒரு தரம் பதிச்சா பதிச்சதுதான். எங்க தெருவுல வீடு கை மாறினப்ப கல்லையும் சேர்த்துதான் கொடுத்தாங்க. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெலுங்கு பேசுற குடும்பங்கள் நிறைய. அவங்க ருப்பு ரோலுன்னு சொல்வாங்க. பேர் வேற, முதுகு வலி ஒண்ணுதான்.

நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு நாள் இட்லி மாவு ஆட்டணும்னா அரிசியும் உளுந்துமா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரு கை குழவியைச் சுத்தும், இன்னொரு கை மாவைத் தள்ளிவிடும். அதனாலதான் அப்ப இட்லி தினமும் கிடையாது. தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்தா உண்டு. இட்லி அந்தக் காலத்துல விசேஷமா இருந்ததுக்குக் காரணம் ருசின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆட்டுற கையைக் கேட்டா வேற காரணம் சொல்லும்.

பதிச்ச கல்லுக்கு இன்னொரு குணமும் இருந்தது. அது வீட்டுக்காரருக்குத்தான் சொந்தம். கும்மிடிப்பூண்டியில சிப்காட் வந்து, கம்பெனி வேலைக்கு வெளியூர்ல இருந்து குடும்பம் குடும்பமா வந்தாங்க. எங்க அப்பா அம்மாவும் அப்படி வந்தவங்கதான். லைன் வீடு. ஆறு குடித்தனத்துக்குப் பின்னாடி ஒரே ஒரு ஆட்டுக்கல். ஊர்ல இருந்த கல்லைப் பெயர்த்துக்கிட்டு பஸ்ஸுல வர முடியுமா? வீட்டுக்காரம்மா ஆட்டி முடிச்சு, கழுவி, போகலாம்னு சொன்ன பிறகுதான் மத்தவங்க முறை. வாடகை பாக்கி இருக்கிற மாசம் அம்மா அந்தப் பக்கமே போக மாட்டாங்க. கல் எங்க நிக்குதோ அங்க யாருக்கு அதிகாரம் இருக்கோ, அவங்க சொன்னாத்தான் அந்தக் கல்லுல கை வைக்கலாம். இதை மனசுல வெச்சுக்கோங்க, கிரைண்டர் கதைக்கு வரும்போது வேணும்.

மின்சாரக் கிரைண்டர் பிறந்த ஊர் கோயம்புத்தூர். 1955-ல சபாபதி என்பவர் அங்கே முதல் வெட் கிரைண்டரைச் செஞ்சார். ஏன் கோயம்புத்தூர்னு பார்த்தா அதுக்குக் காரணம் இருக்கு. நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் 1930-கள்ல வந்து அந்த ஊருக்குக் கரண்டு கொடுத்துச்சு. பஞ்சு மில்லு, இரும்பு வார்ப்புப் பட்டறை எல்லாம் பெருகுச்சு. ஜி.டி. நாயுடு போன்றவங்க அங்கேயே மின்மோட்டார் செஞ்சாங்க. கல்லுக்கும் தூரம் போக வேண்டியதில்ல, ஊத்துக்குளிப் பக்கம் இருந்து வந்துச்சு. மோட்டார், இரும்பு, கல் மூணும் ஒரே வட்டாரத்தில் கிடைச்சா அங்கதானே கிரைண்டர் வரும். 2005-06-ல கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தாங்க.

நம்ம கை ஆட்டுக்கல்லுல கல் நிக்கும், குழவி சுத்தும். இப்ப வீட்டுல இருக்கிற கிரைண்டரைத் திறந்து பாருங்க, கல் வெச்ச பாத்திரம் சுத்தும், குழவி நின்ன இடத்திலேயே உருளும். வேலை அதேதான், யார் சுத்துறதுன்னு மாறிப்போச்சு. கல்லையும் குழவியையும் மட்டும் மாத்தல. மிக்ஸியில பிளேடு வேகமா சுத்தி மாவைச் சூடாக்கிடும். கல்லுல உளுந்து மெதுவா அரைபட்டு, பந்து மாதிரி பொங்கி வரும்.

எங்க அத்தை முதல் முதலா கிரைண்டரைப் பார்த்தது ஒரு ஓட்டல் பின்பக்கத்துலதானாம். பெரிய மிஷின். நாலு போல்ட்டு போட்டு சிமெண்டுத் தரையில இறுக்கி இருந்துச்சாம். கரண்டு வந்தும் கல் தரையை விடல! அப்புறம் தெருவுக்குத் தெரு மாவு அரைச்சுக் கொடுக்கிற கடை வந்துச்சு. தூக்குப் போசியில ஊற வெச்ச அரிசியை எடுத்துட்டுப் போய் வரிசையில நிப்போம். நான் சின்னப் பிள்ளையா நின்னிருக்கேன். மேடை மேல வைக்கிற டேபிள் டாப் கிரைண்டர் கொஞ்சம் வசதியான வீட்டுக்கு மட்டும்தான் முதல்ல வந்துச்சு.

வேற நாட்டுலயும் இப்படித்தான் நடந்திருக்கு. பாத்திரம் கழுவுற மிஷினுக்கு அமெரிக்காவில் 1886-ல ஜோசபின் காக்ரேன்னு ஒரு அம்மா காப்புரிமை வாங்கினாங்க. அவங்க தன் கையால பாத்திரம் தேய்ச்சு அலுத்துப்போனவங்க இல்ல. வேலைக்காரங்க கழுவும்போது பீங்கான் தட்டு ஓரம் உடையுதுன்னு கண்டுபிடிச்சாங்களாம். 1893-ல சிகாகோ கண்காட்சியில அந்த மிஷினை வெச்சாங்க. அதையும் முதல்ல வாங்கினது ஓட்டல்காரங்கதான், வீட்டுக்குள்ள வர பல வருஷம் ஆச்சு. வந்தப்பவும் சமையல் மேடைக்குக் கீழே பொருத்துற மாதிரி ஒண்ணு, சக்கரம் வெச்சு உருட்டிட்டு வந்து குழாயில டியூப் மாட்டுற மாதிரி ஒண்ணுன்னு ரெண்டு விதம். வாடகை வீட்டுக்காரங்களுக்கு ரெண்டாவதுதான் தோது. மேடைக்கு அடியில இருந்த பழசைக் கழட்டி, சக்கரமும் மேலே பலகையும் போட்டு உருட்டிட்டுப் போறவங்களும் அங்க உண்டு. லைன் வீட்டுக் கஷ்டம் அங்கயும் இருக்குன்னு தெரிஞ்சுகிட்டேன்.

நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்னைக்குத்தான் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க. தொடங்கின இடம் நம்ம திருவள்ளூரை ஒட்டின காக்களூர். எங்க வீட்டுக்கும் பிறகு ரேஷன் கார்டுக்குக் கிடைச்சது. எந்தக் கட்சி கொடுத்தா என்ன, தரையில உட்காராம மாவு அரைச்ச முதல் நாள் எங்க அத்தை பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாங்க. ஆனா அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கரண்டு கட்டு கடுமையா இருந்தது. அரிசி ஊறிட்டு இருக்கும், கரண்டு போயிடும். பழைய கல்லைக் கழுவி மறுபடியும் உட்கார்ந்த நாளும் உண்டு. அதனாலயே அத்தை அந்தக் கல்லைப் பெயர்க்க விடல, இன்னைக்கும் இருக்கு.

இனி எங்க குழு கதை. தருமபுரியில 1989-ல சுய உதவிக் குழு ஆரம்பிச்சதும், 1997-98-ல மகளிர் திட்டம் வந்ததும் உங்க எல்லாருக்கும் பயிற்சியில சொல்லியிருப்பாங்க. சேமிப்பு, கடன் எல்லாம் ஒழுங்கா போச்சு. தொழில்னு வரும்போதுதான் சிக்கல். சிப்காட் பக்கம் தனியா தங்கி வேலை செய்யிற பிள்ளைங்க நிறைய. மாவு பாக்கெட் நல்லா போகும்னு தெரியும். டேபிள் டாப்புல ரெண்டு லிட்டர் ரெண்டு லிட்டரா அரைச்சு விக்கிறதுன்னா விடியுற வரைக்கும் அரைக்கணும். பெரிய கிரைண்டர் புதுசு வாங்கலாம்னு விசாரிச்சோம். 2022 ஜூலையில கிரைண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதத்துல இருந்து 18 ஆகியிருந்தது. விலையைக் கேட்டுட்டு டீ மட்டும் குடிச்சிட்டு வந்துட்டோம்.

அப்பதான் மூடின ஒரு கேண்டீன்ல இருந்து பழைய பத்து லிட்டர் கிரைண்டர் காயலான் கடைக்கு வந்திருக்குன்னு தெரிஞ்சது. பாத்திரத்தைச் சாய்ச்சு மாவை ஊத்துற மாதிரி மாடல். கால்ல சிமெண்டு ஒட்டிக்கிட்டே இருந்தது, தரையில இருந்து உடைச்சு எடுத்திருக்காங்க. எடை போட்டு ஒன்பதாயிரத்துக்கு முடிச்சோம்.

வாங்கின அன்னைக்கே சண்டை. எங்க வைக்கிறது? உறுப்பினர் ஒருத்தங்க வீட்டு ஷெட்டுல போல்ட்டு போட்டுப் பதிச்சிடலாம்னு சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா பக்கத்து ஊர்ல ஒரு குழுவுக்கு நடந்தது எங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுல மிஷினைப் பதிச்சாங்க. அந்த வீட்டு ஆம்பளைக்கும் குழுவுக்கும் வாய்த்தகராறு வந்துச்சு, ஷெட்டுக்குப் பூட்டு விழுந்துச்சு. கடன் தவணை மட்டும் பூட்டு போடாம ஓடிட்டே இருந்துச்சு. எங்க அம்மா லைன் வீட்டுல நின்ன நிலைமை எனக்கு ஞாபகம் வந்தது. எங்க குழுவுக்குன்னு கட்டிடமும் கிடையாது. அதனால சக்கரம் வைக்கணும்னு தீர்மானம் போட்டோம். தீர்மான நோட்டுல ‘நகரும் கிரைண்டர்’ன்னுதான் எழுதியிருக்கேன்.

செய்ய நினைக்கிற குழுக்களுக்காக வேலையைக் கொஞ்சம் விவரமா சொல்றேன்.

அது கம்பெனி கேண்டீன் மிஷின், திரீ பேஸ் மோட்டார். நம்ம வீட்டுல இருக்கிறது சிங்கிள் பேஸ். அதனால மோட்டார் காயில் கட்டுற கடையில பழசைக் கொடுத்துட்டு, ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், கெபாசிட்டரோட வாங்கினோம். மாட்டும்போது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்த்தே மாட்டணும், எதிர்ப்பக்கம் சுத்தினா மாவைத் தள்ளுற பலகை வேலை செய்யாது.

அடுத்து சக்கரம். எல் ஆங்கிள் இரும்புல சட்டம் அடிச்சு, நாலு மூலையிலயும் தள்ளுவண்டிக்குப் போடுற கனமான ரப்பர் சக்கரம். வெல்டிங் பட்டறை அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். நிறைஞ்ச பாத்திரத்தைச் சாய்க்கும்போது பாரம் எந்தப் பக்கம் போகும்? முன்பக்கம். பதிச்ச மிஷின்னா தரை பிடிச்சுக்கும், சக்கரத்து மேல நின்னா நம்ம காலு மேலேயே கவிழும். அதனால சட்டத்தை முன்பக்கம் ஒரு அடி நீட்டி அடிச்சார். ஓடும்போது சக்கரத்து மேல நிக்கவும் கூடாது, அதிர்வுல மிஷின் தானா நடக்கும். நாலு மூலையிலயும் திருகி இறக்குற போல்ட்டு வெச்சார். இடத்துக்குப் போனதும் போல்ட்டைத் திருகினா சக்கரம் தரையை விட்டு எழும்பிடும், மிஷின் இரும்புக் காலுல நிக்கும். கிளம்பும்போது திரும்ப ஏத்திக்கலாம்.

பெல்ட்டுக்கு மூடி இல்லாம வந்தது. புடவை முந்தானை, துப்பட்டா, பின்னல் எதுவும் உள்ள போகும். தகரத்துல மூடி அடிச்சு, மூடி மாட்டாம சுவிட்ச் போடக் கூடாதுன்னு விதி. ஈரத் தரை, இரும்பு மிஷின், கரண்டு மூணும் சேர்ற இடம். எர்த்து வயர் உள்ள மூணு பின் பிளக், ஷாக் அடிச்சா உடனே கட் ஆகுற டிரிப்பர் ரெண்டுக்கும் செலவு பண்ணினோம். எலக்ட்ரீஷியன் வந்து எர்த்து சரின்னு சொன்ன வீட்டுல மட்டும்தான் மிஷின் நிக்கும். இதுல யாருக்கும் சலுகை இல்ல.

கல் வழுவழுன்னு தேய்ஞ்சு போயிருந்தது. அம்மி கொத்தறவர் முன்னெல்லாம் தெருவுல குரல் கொடுத்துட்டு வருவார். இப்ப தேடித் தேடி ஆரணிப் பக்கம் ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தோம். ஒரு பொழுது உட்கார்ந்து கொத்தினார். கூலி கேட்கும்போது, அவருக்குப் பிறகு அவங்க வீட்டுல யாரும் இந்த வேலைக்கு வரலைன்னு சொன்னார். கொத்தின பிறகு முதல் ரெண்டு ஈடு அரிசியை அரைச்சுக் கொட்டிடணும், கல் தூள் போகணும்.

எல்லாம் சேர்த்து புது மிஷின் விலையில பாதிகூட ஆகல. மூணு மாசத்துக்கு ஒரு வீடு. மிஷின் கூடவே ஒரு சின்ன மீட்டர் மாட்டியிருக்கோம், ஓடின யூனிட்டுக்கு அந்த வீட்டுக்குக் குழுவில் இருந்து பணம் போயிடும். ‘எங்க வீட்டுக் கரண்டு’ன்னு யாரும் பேச வழியில்ல. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து பாக்கெட்டுல நம்பர் போடுறோம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம்.

கல்யாண வீட்டுக்குக் கேட்டா குட்டி யானையில ஏத்தி அனுப்புறோம். பலகை சாய்ச்சு வெச்சா நாலு பேர் உருட்டி ஏத்திடலாம். ஏத்துறதுக்கு முன்னாடி குழவியையும் பாத்திரத்தையும் தனியா கழட்டிடணும். வாடகை ஒரு நாளைக்கு நானூறு, கூட்டமைப்புக் குழுவா இருந்தா முந்நூறு. முன்பக்க வலது சக்கரம் இப்ப கொஞ்சம் இழுக்குது, ஆடி மாசத்துக்குள்ள மாத்தணும். கேட்கிறவங்க அதுக்கு முன்னாடி தேதி சொல்லிட்டா நல்லது.