துருவை வென்ற கூரை

ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற சிற்றூரின் ஆலையிலிருந்து 1962இல் எம்ஜிபி ரோட்ஸ்டர் வெளிவந்தது. 1798 சிசி எஞ்சின், இரண்டு இருக்கை, தலைக்கு மேல் வானம். மழைக்கு ஒரு துணிக்கூரை உண்டு. தொடக்கத்தில் வந்த வண்டிகள் பலவற்றில் அந்தத் துணியையும் அதைத் தாங்கும் கம்பிச்சட்டத்தையும் தனித்தனியே கழற்றி டிக்கியில் போட வேண்டும். தூறல் விழுந்ததும் இறங்கி நின்று ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். கோடையில் கொஞ்சிய வண்டி நவம்பரில் வதைத்தது. துணியின் ஓரங்களில் காற்று நுழைந்தது, பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் மங்கியது, பூட்டிய வண்டியைத் திறக்கத் திருடனுக்கு ஒரு பேனாக்கத்தி போதுமாக இருந்தது. இந்தத் தொல்லைக்கு விடையாகப் பிறந்ததுதான் ஃபைபர்கிளாஸ் ஹார்ட்டாப்: குளிர்காலத்தில் மாட்டி, வசந்தத்தில் கழற்றிவைக்கும் கெட்டிக் கூரை.

ஃபைபர்கிளாஸின் பூர்வீகம் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலம். 1932இல் ஓவன்ஸ்-இலினாய் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளைக் காற்றுப் புகாமல் ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். அழுத்தக் காற்றின் வீச்சு உருகிய கண்ணாடியில் பட, அது மெல்லிய இழைகளாகப் பறந்தது. அவருக்கு மேலிருந்த கேம்ஸ் ஸ்லேட்டர் அந்த இழைகளைத் தொழிலாக வளர்த்தெடுத்தார். 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் உருவானது. இழை மட்டும் இருந்தால் அது வெறும் பஞ்சு. பாலியெஸ்டர் ரெசினில் ஊறி இறுகும்போதுதான் பலகையாகிறது. இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் ரேடார் கருவிகளை மூட அந்தப் பலகை பயன்பட்டது. ரேடார் அலைகள் அதனூடே தடையின்றிப் போகும். போர் முடிந்ததும் கார் உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. 1953இல் செவர்லே நிறுவனம் கார்வெட் காரின் உடல் முழுவதையும் ஃபைபர்கிளாஸில் செய்தது. முதல் ஆண்டில் செய்தவை 300 வண்டிகள்.

பிரிட்டனில் இந்தப் பொருள் சின்னப் பட்டறைகளின் கைக்கு வந்தது. இரும்புத் தகட்டில் கூரை செய்யப் பெரிய பிரஸ் இயந்திரமும் அதற்கேற்ற டையும் வேண்டும். அத்தனை முதலீடு பெரிய ஆலைகளுக்குத்தான் கட்டுப்படும். ஃபைபர்கிளாஸுக்கு ஒரு அச்சு, ஒரு பிரஷ், ஒரு உருளை, கொஞ்சம் பொறுமை போதும். புதிய கார் வாங்கினால் அரசுக்குக் கொள்முதல் வரி கட்ட வேண்டியிருந்த காலம் அது. ஆகவே பழைய ஃபோர்டு, ஆஸ்டின் செவன் சேஸிகளின் மேல் புதிய ஃபைபர்கிளாஸ் உடலைப் பொருத்தித் தாங்களே கார் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். எஸ்ஸெக்ஸில் பீட்டர் பெல்லண்டைனும் கீத் வாடிங்டனும் 1950களின் நடுவில் தொடங்கிய ஆஷ்லி லாமினேட்ஸ் அவர்களுக்கு உடல் செய்து கொடுத்தது. அதே கைத்திறன் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான ஹார்ட்டாப் பக்கம் திரும்பியது. கென்ட்டில் லென்ஹாம் என்ற நிறுவனம் ஸ்ப்ரைட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பின்பக்கம் சரிந்திறங்கும் அழகான கூரைகளைச் செய்தது.

ஒரு கூரை எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் அதன் குணம் புரியும். அச்சின் உட்புறத்தை மெழுகிட்டுப் பளபளப்பாக்கி முதலில் ஜெல்கோட் பூசுவார்கள். நாளைக்கு வெளியே தெரியப்போகும் தோல் அதுதான். கூரை வெளியிலிருந்து உள்ளே வளர்கிறது. ஜெல்கோட்டின் மேல் கண்ணாடியிழைப் பாயைப் பரப்பி, கெட்டிப்படுத்தும் திரவம் கலந்த ரெசினைப் பிரஷால் குத்திக் குத்தி ஊறவைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். கலவை கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால் கை நிற்க நேரமில்லை. ஸ்டைரீன் வாடை பட்டறை முழுக்க நெடியேறும். போல்ட் வரும் இடங்களில் மரத்துண்டோ உலோகப் பட்டையோ வைத்து மேலே இன்னொரு இழைப்பாயால் மூடுவார்கள். எல்லாம் கைவேலை என்பதால் ஒரே அச்சில் எடுத்த இரண்டு கூரைகளின் கனம்கூட ஒன்றாக இராது.

வாங்கியவர் வீட்டில் கூரைக்கு இரட்டை வாழ்க்கை. இலையுதிர்காலத்தில் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டிமேல் ஏற்றுவார்கள். வசந்தத்தில் இறக்கி, கப்பி கட்டிக் கராஜ் விட்டத்தில் தொங்கவிடுவார்கள். வண்டி விற்கும் நாளில் சிலர் அதை மறந்தார்கள். சிலர் இடமில்லை என்று தோட்டத்துக் கொட்டகையில் சாத்திவைத்தார்கள். கீழே வண்டியைத் துரு தின்றது. எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது. கதவுக்கடியில் ஓடும் சில் பெட்டிகள்தான் முதுகெலும்பு. அவை உள்ளிருந்து அரித்துப்போனால் வண்டியே மடங்கிவிடும். அப்படி எத்தனையோ வண்டிகள் பழைய இரும்புக்குப் போயின. கூரை துருப்பிடிக்காது. காரை இழந்த கூரைகள் கொட்டகைகளில் மிஞ்சின.

1980 அக்டோபரில் ஆபிங்டன் ஆலை மூடப்பட்டது. அதற்குள் ரோட்ஸ்டரும் நிலையான கூரையுள்ள ஜிடியுமாக 5 லட்சத்துக்கும் மேல் எம்ஜிபிகள் உருவாகியிருந்தன. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய டைகளைத் தேடித் திரட்டி எம்ஜிபி உடலைப் புதிதாகவே அடிக்கத் தொடங்கியது. மடங்கிய வண்டிகள் எழுந்தன. கொட்டகைக் கூரைகளுக்கும் வேலை வந்தது. இங்கேதான் கூரையின் பயணத்தில் கடினமான கட்டம்.

முன்பின் தெரியாத வண்டியில் பழைய கூரை ஒரே முயற்சியில் உட்காராது. ஆண்டுக்கணக்கில் சாய்ந்து கிடந்திருந்தால் அதன் கால்கள் அகன்றிருக்கும். வண்டியின் விண்ட்ஷீல்டு சட்டமும் ஒருமுறையாவது கழற்றி மாட்டப்பட்டிருக்கும். அதன் சாய்வு கொஞ்சம் மாறியிருக்கும். எனவே துளை போடுமுன் ஒத்திகை பார்க்க வேண்டும். டிக்கி மூடியிலும் கதவு விளிம்புகளிலும் போர்வை விரித்து, கூரையை ரப்பர் பீடிங்கோடு மேலே வைத்து, காகித டேப்பால் நடுக்கோடு குறித்து, முன்னும் பின்னும் இடைவெளி அளக்க வேண்டும். கதவுக் கண்ணாடியை மெதுவாக ஏற்றி எங்கே முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் சரியாக அமராவிட்டால் கூரையை அழுத்தக் கூடாது. விண்ட்ஷீல்டு சட்டத்தின் அடிப்போல்ட்டுகளைத் தளர்த்தி அதைத்தான் நகர்த்த வேண்டும். அந்தப் போல்ட்டுகளுக்குக் கை எட்டுவதே பெரும்பாடு. ஆனாலும் அதுதான் நேர்வழி. வளைத்து இறுக்கிய ஃபைபர்கிளாஸ் அடங்கிப்போவதில்லை. சில மாதத்தில் போல்ட்டைச் சுற்றி நட்சத்திர வடிவில் வெடித்துக் காட்டும்.

துளையிலும் அதே மரியாதை வேண்டும். ஜெல்கோட் கண்ணாடிபோல நொறுங்கும் தோல். டேப் ஒட்டி, டிரில்லை முதலில் எதிர்ச்சுற்றில் ஓடவிட்டு அந்தத் தோலைச் சுரண்டித் தாண்டிய பிறகே நேர்ச்சுற்றுக்கு மாற்ற வேண்டும். துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். அகலமான வாஷர் போட்டால் அழுத்தம் பரவும்.

பின் ஜன்னலுக்குத் தனி நுணுக்கம் உண்டு. பழைய அக்ரிலிக் மங்கிப்போயிருக்கும். புதிய தகட்டை அளவாக வெட்டி, ரப்பர் சட்டத்தை அதைச் சுற்றி மாட்டி, அதன் வெளிக்காடியில் ஒரு வலுவான கயிற்றை முழுக்கச் செருகி, இரு நுனிகளையும் காருக்குள் தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை உருவ, ரப்பர் உதடு அங்குலம் அங்குலமாகக் கூரையின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கவ்வும். அவசரப்பட்டுக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் கிழியும்.

பெயின்ட் அடிக்குமுன் பழைய மெழுகைக் கரைப்பானால் துடைத்தெடுக்க வேண்டும், இல்லையேல் பெயின்ட் கண்கண்ணாய் விலகும். உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்த இழைத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. கடைசிச் சோதனைக்குச் சாக்பீஸ் தூள் போதும். பீடிங்கில் தடவிக் கூரையை மாட்டி இறக்கினால், வண்டியில் தூள் ஒட்டாத இடமே மழை நுழையப்போகும் இடம். அங்கே பீடிங்கைத் தடித்ததாக மாற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்க்கலாம்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சூட்டில் இளகும் தெர்மோபிளாஸ்டிக்கை உருக்கி வேறொன்றாக வார்க்கலாம். இரும்பு மறுபடி உலைக்குப் போகும். பாலியெஸ்டர் ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு உருகாது. கூரையாகப் பிறந்தது கூரையாகவே இருக்கும், அல்லது குப்பைமேட்டில் அழியாமல் கிடக்கும். ஆகவே கொட்டகையைக் காலி செய்கிறவர்கள் பழைய ஹார்ட்டாப்பை உடைத்தெறியாமல், எந்த வண்டிக்கானது என்று அளந்து பார்த்து, எம்ஜி ஓட்டுநர் சங்கங்களில் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். அழியாத பொருளில் ஒன்றைச் செய்துவிட்டோம் என்றால், அதற்கு வேலை தேடிக் கொடுக்கும் கடமையும் நம்முடையதே. ஒரு சனி ஞாயிறு உழைப்பில் அதற்கு இன்னொரு வண்டியும் இன்னும் பல குளிர்காலங்களும் கிடைக்கும்.