குற்ற ஒப்புதல் பேரம்

குற்றஞ்சாட்டப்பட்டவர் முழு விசாரணைக்கு நிற்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்வதும், அதற்கு ஈடாக அரசுத் தரப்பு குற்றச்சாட்டையோ தண்டனையையோ குறைத்துக்கொள்வதும் குற்ற ஒப்புதல் பேரம் எனப்படும். நீதிமன்ற வளாகங்களில் ‘பிளீ பார்கெய்னிங்’ என்றே சொல்கிறார்கள். கொலைக் குற்றச்சாட்டை அதைவிடச் சிறிய குற்றமாக மாற்றிக்கொள்வது, பல குற்றச்சாட்டுகளில் சிலவற்றைக் கைவிடுவது, தண்டனைக் காலத்தை மட்டும் குறைப்பது என்று இதில் மூன்று வகை உண்டு. அமெரிக்காவில் மூன்றும் நடக்கின்றன. இந்தியச் சட்டம் கடைசி வகையை மட்டும் ஏற்றிருக்கிறது.

அமெரிக்க நடைமுறை

அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் ஜூரி விசாரணையை உரிமையாகத் தருகிறது. ஆனால் அந்த விசாரணையைத் திரைப்படத்தில் பார்க்கும் அளவுக்கு நீதிமன்றத்தில் பார்க்க முடியாது. 2012இல் மிசூரி எதிர் ஃப்ரை வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டிய கணக்குப்படி, கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டிக்கப்படுவோரில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். அதனால்தான், பேரத்தின்போது திறமையான வழக்கறிஞர் உதவி பெறுவதும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை என்று அந்தத் தீர்ப்பு கூறியது.

பேரத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 1970களில். மரண தண்டனைக்கு அஞ்சி ஒப்புக்கொண்டார் என்பதற்காக மட்டும் ஒப்புதல் செல்லாமல் போகாது என்று 1970இல் பிரேடி வழக்கில் முடிவாயிற்று. அரசு வழக்கறிஞர் தந்த வாக்குறுதியைக் காப்பாற்றியாக வேண்டும் என்று 1971இல் சாண்டோபெல்லோ வழக்கு சொன்னது. பேரம் இல்லாவிட்டால் நீதிபதிகளும் நீதிமன்றங்களும் பல மடங்கு தேவைப்படும் என்ற நடைமுறைக் காரணத்தையும் அந்தத் தீர்ப்பு மறைக்கவில்லை.

ஆதரிப்போர் வேறு காரணங்களையும் சொல்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு ஆளாக வேண்டியதில்லை. வழக்கின் முடிவு இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வேறு வழியில் கிடைக்காத உண்மைகளும் சில நேரம் வெளிவருகின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் பெண்களைத் தொடர்ச்சியாகக் கொன்ற கேரி ரிட்ஜ்வே, மரண தண்டனை கோரப்படாது என்ற உடன்பாட்டில் 2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். உடல்களைப் போட்ட இடங்களையும் காட்டினான். இத்தனை பேரைக் கொன்றவனுக்கே மரண தண்டனை இல்லையென்றால் வேறு யாருக்கு என்று கேட்டவர்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் மகளைத் தேடிய குடும்பங்களுக்கு விடை கிடைத்ததும் அந்தப் பேரத்தால்தான்.

எதிர்ப்பின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஒப்புக்கொண்டால் கிடைக்கும் தண்டனைக்கும், விசாரணைக்கு நின்று தோற்றால் கிடைக்கும் தண்டனைக்கும் உள்ள இடைவெளி பெரிதாகப் பெரிதாக, ஒப்புதல் விருப்பத்தின் பேரில் வந்ததா என்ற கேள்வி வலுக்கிறது. கென்டக்கியைச் சேர்ந்த பால் ஹேயிஸ் மீது 88 டாலர் 30 சென்ட் மதிப்புள்ள போலிக் காசோலை வழக்கு. ஒப்புக்கொண்டால் 5 ஆண்டு கோருவேன், மறுத்தால் பழைய குற்றங்களையும் சேர்த்து வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தில் வழக்குத் தொடுப்பேன் என்றார் அரசு வழக்கறிஞர். ஹேயிஸ் மறுத்தார், ஆயுள் தண்டனை பெற்றார். 1978இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இதில் தவறில்லை என்றது. அரசுத் தரப்பே 5 ஆண்டு போதும் என்று கருதிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விழுந்ததென்றால், மிச்சத் தண்டனை விசாரணை கேட்டதற்கே என்று கொள்வதைத் தவிர வழியில்லை.

நிரபராதியும் ஒப்புக்கொள்ளலாம் என்பது அதனினும் கடுமையான குறை. வட கரோலினாவின் ஹென்றி ஆல்ஃபோர்ட், தான் கொல்லவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டே, மரண தண்டனைக்குத் தப்ப இரண்டாம் நிலைக் கொலையை ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட ஒப்புதலும் செல்லும் என்று 1970இல் தீர்ப்பானது. ஒப்புக்கொள்ள மறுப்பவர் தரும் விலைக்கு நியூயார்க்கின் கலீஃப் பிரவுடர் சான்று. முதுகுப்பை திருடியதாக 2010இல் 16 வயதில் பிடிபட்ட அவருக்கு ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டால் உடனே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டபோதும் அவர் மறுத்தார். ஏறத்தாழ மூன்றாண்டு ரைக்கர்ஸ் தீவுச் சிறையில், பெரும்பகுதி தனிமைச் சிறையில், கழிந்தபின் 2013இல் வழக்கு கைவிடப்பட்டது. 2015இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

பேரம் நின்றால் நீதிமன்றங்கள் திணறிப்போகும் என்ற வாதத்தை அலாஸ்கா சோதித்துப் பார்த்தது. 1975இல் அம்மாநில அட்டர்னி ஜெனரல் ஏவ்ரம் கிராஸ் பேரத்துக்குத் தடை விதித்தார். அஞ்சிய தேக்கம் ஏற்படவில்லை. தடை பின்னாளில் தளர்ந்துபோனது.

இந்தியாவில்

இந்திய உச்ச நீதிமன்றம் முதலில் இதை அருவருப்போடுதான் பார்த்தது. 1976இல் முரளிதர் மேக்ராஜ் லோயா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யரும், 1980இல் காசம்பாய் வழக்கில் நீதிபதி பகவதியும் கண்டித்தார்கள். இரண்டுமே உணவுக் கலப்பட வழக்குகள். வழக்குச் செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி நிரபராதி ஒப்புக்கொள்வான், ஊழலுக்கும் வழி திறக்கும் என்பது பகவதியின் கவலை. சட்ட ஆணையமோ 1991இல் 142ஆவது அறிக்கையிலும் 1996இல் 154ஆவது அறிக்கையிலும், வழக்குத் தேக்கத்தையும் விசாரணைக் கைதிகளின் நிலையையும் காட்டி ஆதரவாகப் பரிந்துரைத்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 21-ஏ அத்தியாயம் 2006 ஜூலை 5 அன்று நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்கக் குறைகளை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. பேரத்தைத் தொடங்குவது அரசு வழக்கறிஞர் அல்ல; குற்றஞ்சாட்டப்பட்டவரே பிரமாணப் பத்திரத்துடன் மனுச் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு இல்லாத நேரத்தில் நீதிபதி அவரைத் தனியே விசாரித்து, விருப்பத்தின் பேரில்தான் வந்தாரா என்று உறுதி செய்துகொள்கிறார். பிறகு நடக்கும் பேச்சில் பாதிக்கப்பட்டவருக்கும் இடம் உண்டு, இழப்பீடும் பேசப்படும். பேச்சு முறிந்தால் மனுவில் சொன்னதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரானவை, நாட்டின் சமூகப் பொருளாதார நிலையைப் பாதிப்பவை ஆகியவற்றுக்கு இவ்வழி அடைக்கப்பட்டிருக்கிறது. தீர்ப்பின் மேல் வழக்கமான மேல்முறையீடு கிடையாது.

இவ்வளவு காப்பிருந்தும், முடிக்கப்படும் வழக்குகளில் இம்முறையில் முடிபவை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. ஜாமீனில் வெளியே இருப்பவருக்கு வாய்தா மேல் வாய்தா லாபம்: சாட்சி ஊர் மாறிப் போகலாம், பிறழ்சாட்சியாகலாம், வழக்கே நீர்த்துப்போகலாம். அடிதடி வழக்கில் ராஜியாகப் போனால் விடுதலைக்குச் சமம். பேரத்தில் முடித்தால் ‘தண்டனை பெற்றவர்’ என்ற பதிவு ஒட்டிக்கொள்ளும், அரசு வேலையும் போகலாம். அமெரிக்காவில் கடுந்தண்டனை பற்றிய அச்சம் ஆளைப் பேரத்துக்குத் தள்ளுகிறது. இங்கே அந்த வேலையைத் தாமதம் செய்கிறது. அதுவும் ஜாமீன் கிடைக்காதவரிடம் மட்டும். இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். பேரத்தால் உண்மையாகவே பயன்பெறக்கூடியவர்கள் அவர்கள். மனமில்லாமலே ஒப்புக்கொள்ளும் ஆபத்தில் இருப்பவர்களும் அவர்களே.

2020இல் தில்லியில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்கு வந்திருந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் மீது விசா விதிமீறல், தொற்றுநோய்க் கட்டுப்பாட்டு மீறல் ஆகியவற்றுக்காகக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. வழக்கு முடியாமல் நாடு திரும்ப முடியாது. பெரும்பாலோர் பேரத்தில் ஒப்புக்கொண்டு, சில ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிவிட்டு ஊர் போனார்கள். 44 பேர் மட்டும் வழக்கை நடத்துவோம் என்று தங்கினார்கள். அவர்களில் 8 பேரை முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் தொடக்கத்திலேயே விடுவித்தது. மற்ற 36 பேரும் அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலையானார்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 289 முதல் 300 வரையிலான பிரிவுகளில் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. முன்பு குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றங்களில் அதன் பாதியும், மற்றவற்றில் சட்டம் சொல்லும் தண்டனையில் நான்கில் ஒரு பங்கும் விதிக்கலாம் என்றிருந்தது. முதல்முறைக் குற்றவாளிக்கு இப்போது அவை முறையே நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று எனக் குறைந்திருக்கின்றன. அதே சமயம், குற்றச்சாட்டு வனைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும், 60 நாளுக்குள் பேசி முடிக்க வேண்டும் என்று புதிய கெடுவும் வந்துள்ளது. சிறையிலிருப்பவர் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரைச் சந்தித்து, தனக்கெதிரான சாட்சியம் எவ்வளவு வலுவானது என்று கேட்டறிந்து முடிவெடுக்க 30 நாள் குறைவு. சம்மன் வழக்குகளிலோ முறையாகக் குற்றச்சாட்டு வனைய வேண்டிய தேவையே இல்லை. சிறு தண்டனைக்குரிய அந்த வழக்குகள்தாம் பேரத்துக்கு மிகவும் ஏற்றவை. அவற்றில் 30 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று பிரிவு சொல்லவில்லை.