இரவு இரயிலில் பெட்டி படுக்கை: காட்பாடி–ஆம்பூர் வழித்தடம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 சூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அத்தடமே பின்னர் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் சோலார்பேட்டைக்கு நீண்டது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட இப்பகுதித் தோல் சென்னைத் துறைமுகம் சேர இத்தடம் பெரிதும் உதவியது. ஆனால் ஈரத்தோலைப் பயணி தன்னுடன் கொண்டுசெல்ல முடியாது. அடுப்பு, எரிவாயு உருளை, அமிலம் ஆகியவற்றோடு அதுவும் தடைப் பட்டியலில் உள்ளது. தோலால் பிழைக்கும் ஊர்களின் வழியே ஓடும் வண்டியில் இப்படியொரு விதி!

முன்பு மூன்றடுக்குப் படுக்கைகள் வெறும் மரப்பலகைகளே. அதனால் இரவுப் பயணிகள் மெத்தை, போர்வை, தலையணையை ‘ஹோல்டால்’ என்னும் கெட்டித்துணி உறையில் சுருட்டித் தோல்வாரால் இறுக்கிக் கட்டி எடுத்துச் சென்றனர். வார் அறுந்தால் சணல் கயிறுதான். மது தண்டவதே இரயில்வே அமைச்சராக இருந்த காலத்தில் (1977–79) இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்குப் பஞ்சணை வந்தது. ஹோல்டால் மெல்ல மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்குக் கட்டணமின்றி 40 கிலோ அனுமதி. கட்டணம் செலுத்தினால் 80 கிலோ வரை. 100×60×25 செ.மீ. அளவுக்கு மேற்பட்ட டிரங்குப் பெட்டி பிரேக் வேனுக்குப் போக வேண்டும். ஒரு தடுப்பில் பக்கவாட்டுப் படுக்கைகளையும் சேர்த்து எட்டுப் பேர். எல்லோரும் முழு அளவு கொண்டுவந்தால் 320 கிலோ! கீழ்ப்படுக்கைகளின் அடியில் அதற்கு இடமேது?

இந்நெருக்கடியை அதிகம் உணர்பவர்கள், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளம், அசாமிலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பத்தினர். பல வாரம் தங்கிச் சமைத்துச் சாப்பிடப் பாத்திரமும் கொண்டுவருகின்றனர். சிகிச்சைக்கான பணமும் பழைய மருத்துவக் கோப்புகளும் அவர்களிடமே இருக்கும். பதிவு செய்து இரசீது பெறாத சுமை தொலைந்தால் இரயில்வே பொறுப்பேற்காது. பயணி தன்னிடமே வைத்திருக்கும் சுமையென்றால் இரயில்வேயின் கவனக்குறைவையும் மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவு. இடுப்பில் கட்டியிருந்த துணிப்பட்டையிலிருந்து ஒரு இலட்சம் ரூபாய் திருடுபோன வழக்கிலும், அது இரயில்வேயின் சேவைக் குறைபாடு அன்று என 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அறிந்தவருக்கே கடினமான இச்சுமையை நோயாளியின் குடும்பத்தின்மீது வைப்பது சரியாகப் படவில்லை.

ஆகவே பெட்டிகளை இருக்கைக்கு அடியிலுள்ள வளையங்களில் சங்கிலியால் பூட்டுகின்றனர். பணமும் கோப்பும் தலைமாட்டில். காட்பாடியில் வண்டி நிற்பது சில நிமிடங்களே. எனவே நிலையம் வருமுன்பே பூட்டைத் திறந்து சுமைகளை வாசலருகே நகர்த்திவிடுகின்றனர். ஒருவர் முதலில் இறங்கி நோயாளியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே தருகிறார்.